உன் பெயரில் நான் எழுதிய பக்கம்

மம்பொங்
பிப்ரவரி 9

அன்பு மகள் செரேவாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், ஹாம்பர்க் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல். வறண்ட காற்று இன்னும் விடவில்லை, காலையில் துடைத்த மேசை மதியத்துக்குள் புழுதியாகிவிடுகிறது. பொக்குவா அத்தைக்கு முழங்கால் வலி, வாய்க்கு மட்டும் ஒரு வலியும் இல்லை. நீ அனுப்பிய கம்பளிக் காலுறையை இந்த வெயிலில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் காட்டிவிட்டு வந்தாள்.

இதைப் போனில் சொல்லத்தான் இரண்டு தடவை கூப்பிட்டேன், உன் குரல் கேட்டதும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். போன ஈஸ்டரில் அப்பாவின் சாவுக்கு நீ வரவில்லை, ஏன் என்று எனக்குத் தெரியும். ஆனால் பொக்குவா வந்து, "ஊர்ல எல்லார் வீட்டுச் சாவுக்கும் அஞ்சலி எழுதிக் குடுக்கிறவ, சொந்தப் புருஷன் சாவுக்கு அச்சடிக்கிற அஞ்சலிப் புத்தகத்துல மூத்த மக பக்கத்தக் காலியா விடுவியாடி? மானம் போயிடும்" என்றாள். எழுதிவிட்டேன், உன்னைக் கேட்காமல், உன் பெயர் போட்டு, "நான்" என்று தொடங்கி. இருபது வருஷமாக விதவைக்கு "நான்", பிள்ளைகளுக்கு "நாங்கள்" என்று எழுதி எழுதி, எந்த இடத்தில் கூட்டம் விம்மும் என்று என் கைக்குத் தெரியும். ஒரே சொல்லை மூன்று தடவை சொல்ல வேண்டும், நடுவில் சின்னதாக ஒரு உண்மையை வைக்க வேண்டும். அப்பா உனக்கு வாங்கித் தந்த பச்சை மழைக்கோட்டை வைத்தேன். அந்தக் கோட்டுக்குப் பின்னால்தான் பொய்யை ஒளித்தேன். "என் சிறுவயதுப் பொய்யை மன்னித்த அப்பாவே" என்று எழுதினேன். உன் சித்தப்பா மகள் மைக்கில் வாசித்தாள், அவளுக்கு அப்படியே உன் குரல். சபையே அழுதது, நானும் அழுதேன், நான் எழுதியதை நானே நம்பி. பாடகர் குழு ஆசிரியர் நிமாகோ வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ள நல்லா எழுதியிருக்கும்மா" என்றார். அவர் கையின் ஈரம் எத்தனை தடவை கழுவியும் என் கையை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து மரவள்ளி இடிக்கும்போதும் சட்டி கழுவும்போதும் அந்த மைக் குரல் என் முதுகுக்குப் பின்னால் வாசித்துக்கொண்டே இருக்கிறது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை.

போன வாரம் அப்ரெஃபி வந்தாள், சந்தையில் சேனைக்கிழங்கு விற்பாளே, அவள். அவளுடைய பதினைந்து வயது மகள் பாடகர் குழுவில் இருக்கிறாள். உன் பதினாறு வயதில் நீ நிமாகோவைப் பற்றி வீட்டுக்கு வந்து என்ன சொன்னாயோ, அதையே அந்தப் பெண்ணும் சொல்லியிருக்கிறாள். சபை மூப்பர்கள் கூடியபோது நிமாகோ அப்பாவின் அஞ்சலிப் புத்தகத்தை எடுத்து வந்து உன் பக்கத்தை விரித்து, "பாருங்க, அன்னிக்கு என்மேல பழி போட்ட புள்ளயே பொய்யின்னு எழுதிக் குடுத்திருக்கு" என்றாராம். எல்லோரும் தலையாட்டி, அந்தப் பெண் வருகிற ஞாயிறு சபைமுன் மன்னிப்பு வாசித்துக் கேட்க வேண்டும் என்று தீர்த்துவிட்டார்கள். அப்ரெஃபி என் காலடியில் உட்கார்ந்து, "அக்கா, கேக்குறவங்க மனசு இளகுற மாதிரி நீங்கதான் எழுதித் தரணும், புள்ளயத் தள்ளி வச்சிடக் கூடாது" என்று அழுதாள்.

தாளை எடுத்தேன் செரேவா. கையும் தானாக "நான் பொய் சொன்னேன்" என்று தொடங்கிவிட்டது. அன்று அப்பா உன்னைச் சபைமுன் நிறுத்தியபோது உன் கையில் இருந்த தாளிலும் முதல் வரி அதுதான். அது என் கையெழுத்து என்று உனக்குத் தெரியும், ஒரு நாளும் நீ கேட்டதில்லை. உன்னை ஊரை விட்டு விரட்டியது அப்பாதான் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தாளைக் கிழித்துப் போட்டேன். அப்ரெஃபியிடம், உன் மகள் எதையும் வாசிக்க வேண்டாம், அவளைக் கூப்பிடும் நேரத்தில் அவளுக்குப் பதிலாக நான் எழுந்து நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பொக்குவா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

இந்தக் கடிதம் வருமுன் அந்த ஞாயிறு போயிருக்கும், அதனால் உன்னிடம் அனுமதி கேட்பதுபோல் நடிக்கவில்லை. உனக்கு நடந்ததில் ஒரு வரிகூட நான் சொல்லப்போவதில்லை, அதைச் சொல்வதும் சொல்லாததும் உன் பாடு. மழைக்கோட்டும் கிடையாது. வாசிக்கப்போவது இவ்வளவுதான்: பதினொரு வருஷத்துக்கு முன் என் மகள் இங்கே வாசித்ததை எழுதியவள் நான். என் கணவர் சாவில் அவள் பெயரில் வந்ததையும் எழுதியவள் நான். இரண்டிலும் பேசியது அவள் இல்லை. மூன்றாவதை நான் எழுத மாட்டேன்.

காதை மூடாமல் வெளியே போகாதே, வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. கடவுள் உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். என்னை மன்னித்துவிட்டதாக எழுதாதே, மன்னிப்பு என்ற சொல்லை உன் பெயரில் ஏற்கெனவே நானே எழுதிவிட்டேன், இனி அது எனக்கு வேண்டாம். உனக்கு என்ன தோன்றுகிறதோ, திட்டானாலும், உன் கையால் எழுது.

இப்படிக்கு,
என் பெயரில் நானே எழுதும்
அம்மா டுஃபி