காட்பாடி வாசலில் பேசினேன், அம்மா

என் பிரியமான அம்மாவுக்கு,

நீ கூடையை இறக்கி வைப்பதற்கு முன்னாலேயே "இன்னாடி சேதி?" என்று கேட்பாய். பவுரிங்பேட்டைச் சந்தைக்குப் போய் வந்தவள் நீ. வீட்டிலேயே இருந்த என்னிடம் என்ன சேதி இருக்கும்? ஒன்றும் இருக்காது. இப்போது இருக்கிறது. கேட்க நீ இல்லை. ஆகையால் எழுதுகிறேன்.

எனக்கு வேலூர்ப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. பெண்கள் அங்கேயே தங்கிப் படித்து ஆசிரியையாகலாம் என்று டீச்சரம்மா உன்னிடம் சொன்ன அதே பள்ளி. நாளைக் காலை வண்டியில் புறப்பட வேண்டும். சேதி வந்த அன்று சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அழுகையும் வரவில்லை. கிராம்புத் தைலம் தடவிய ஈறு போல இருக்கிறது. தொட்டால் தொட்டது மட்டும் தெரிகிறது.

நீ எப்படி யாருக்கும் பயப்படாமல் இருந்தாய் என்று இந்த நாட்களில் யோசித்துப் பார்க்கிறேன். கங்கை எங்கே பிறக்கிறது என்று கேட்டால் நான் சொல்லிவிடுவேன். உனக்கு உன் பெயரை எழுதவும் தெரியாது. ஆனால் பூதிகோட்டைத் தோட்டக்காரரிடம் கன்னடத்தில் கீரைக்கு விலை பேசுவாய். சந்தையில் தெலுங்கு. ரயில் கார்டிடம் இங்கிலீஷ். "சார், பேஸ்கெட் கம், மீ கம்" என்று சொல்லிக்கொண்டே நீ கூடையோடு வண்டியில் ஏறியதை நம் சுரங்க லைன் வீடுகளில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவர்களைவிட நீதான் அதிகம் சிரிப்பாய்.

அது உனக்குப் பிறவியிலேயே வந்த தைரியம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்று உன் நோயில்தான் தெரிந்தது. இருமல் வந்ததும் முதலில் சந்தை நின்றது. பிறகு கோயில் ஆராதனை நின்றது. பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் போவதும் நின்றது. ஒரு நாள் எண்ணெய்க்காரர் அளவைக் குறைத்து ஊற்றினார். நீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். ஒன்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரஸ்ஸர் "எங்க வலிக்குது?" என்று கேட்டபோது என் கையைப் பிடித்து, "நீயே சொல்லும்மா, எனக்கு வாய் வரல" என்றாய். அது நோயினாலா அம்மா? வீட்டுக்குள்ளேயே இருந்ததாலா?

உன்னை மாரிகுப்பம் கல்லறையில் வைத்துவிட்டு வந்த பிறகு எனக்கும் அதுவே நடந்தது. எனக்குத்தான் நோய் எதுவும் இல்லையே.

நைனா சுரங்கத்துக்கு ஷிப்டுக்குப் போவார், வருவார். நான் சமைப்பேன். பள்ளிக்கூடம் போகாதே என்று யாரும் சொல்லவில்லை. முதலில் துக்கத்தால் போகவில்லை. அப்புறம், இத்தனை நாள் வராமல் இருந்துவிட்டு எப்படிப் போய் நிற்பது என்று போகவில்லை. தட்டிக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருப்பது சுலபமாக இருந்தது. கடைக்குப் போவதானால் பேச வேண்டியதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போவேன். கடைக்காரர் நிமிர்ந்து "இன்னா வேணும்?" என்றதும் அது போய்விடும். கையால் காட்டி வாங்கி வருவேன்.

பக்கத்து வீட்டுப் பாக்கியம் அத்தை தட்டி வழியாக எட்டிப் பார்த்து, "இன்னாடி எஸ்தரு, வூட்டுக்குள்ளயே அடகாத்துகினு கீற? குஞ்சு எப்ப பொரியும்?" என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்த நைனா, "பொரிஞ்சா ஒனக்குத்தான் மொத குஞ்சு, போ" என்றார். நான் சிரிக்க வேண்டும் என்று இரண்டு பேரும் எதிர்பார்த்தார்கள். எனக்கு அது தெரிந்தது. தெரிந்தும் சிரிக்க முடியவில்லை.

பிறகு டீச்சரம்மாவே வீட்டுக்கு வந்தார். வேலூரில் சேர்க்கைப் பரீட்சை, நான் நேரில் போய் எழுத வேண்டும் என்றார். நைனா எழுந்து நின்றுகொண்டு கேட்டார்.

"அவ்ளோ தூரம் நாங்க எப்டி போறது டீச்சரம்மா?"

"நீங்க தெனமும் பூமிக்குள்ள போய் வர்றவரு. வேலூருக்கா பயப்படறீங்க?"

"அது வேறங்க. கேஜ்ல ஏறினா கீழ போகும், மேல வரும். ரெண்டே வழி. வெளியூர்ல எங்க ஏறணும் எங்க எறங்கணும்னு யார கேக்கறது? அவ இருந்தா எனக்கு இந்த ரோதனையே இல்ல."

உனக்குத்தான் தெரியுமே. குடியாத்தத்துப் பக்கத்திலிருந்து மேஸ்திரியோடு நடந்தே வந்தவர் அவர். அதற்குப் பிறகு அவர் பிரயாணம் எல்லாம் கீழேதான். வீட்டுக்கு வேண்டிய வெளிப்பேச்சை எல்லாம் நீயே பேசிவிட்டாய். அவருக்குப் பேச வேண்டிய தேவையே வரவில்லை. ஆனாலும் மறுநாள் அவர் லீவு கேட்டு வந்துவிட்டார். "போலாம்" என்றார். 

மாரிகுப்பத்தில் ஏறி பவுரிங்பேட்டையில் இறங்கினோம். அங்கே காட்பாடிக்குப் புது டிக்கெட் வாங்கினார். நான் மூட்டையைப் பார்த்துக்கொண்டு நடைமேடையில் நின்றேன். வாங்கின டிக்கெட் நைனாவிடம்தான் இருக்கிறது என்று நினைத்தேன். வாங்கினது உண்மை. ஜோலார்பேட்டையில் வண்டி மாறினோம். யாரும் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. நைனா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, சுரங்க ஷாப்ட்டை விட்டு மேலே வந்தவர் போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டே வந்தார்.

காட்பாடி வாசலில் டிக்கெட் வாங்குகிறவர் கையை நீட்டினார்.

"குடுத்துட்டேன் சாமி" என்றார் நைனா.

"யார்கிட்ட?"

"பவுரிங்பேட்டைல, வாசல்ல நின்னாரே தொப்பிக்காரரு, அவருகிட்ட. திரும்பிப் போம்போது வாங்கிக்குவேன்."

"டிக்கெட்டு இன்னா வூட்டுச் சாவியா, குடுத்து வெச்சுட்டுப் போறதுக்கு?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "எந்த ஊரும்மா?" என்று ஒருவர் என்னைக் கேட்டார். நான் சொல்வதற்குள் மூட்டையைப் பார்த்தே இன்னொருவர், "தங்கவயல்காரன்பா. தங்கம்னு நெனச்சு பத்திரமா ஒப்படைச்சுட்டான்!" என்றார். மறுபடியும் சிரிப்பு. நைனா தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். துரைமார் முன்னால் நிற்கும்போது அப்படித்தான் நிற்பார்.

எனக்கு அப்போது புரிந்தது. சுரங்கத்தில் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் நம்பர் அடித்த பித்தளை வில்லை உண்டு. இறங்கும்போது ஷாப்ட் வாசலில் அதைக் கொடுத்துவிட வேண்டும். அங்கே பலகையில் மாட்டி வைப்பார்கள். ஏறி வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஷிப்ட் முடிந்தும் ஒரு வில்லை பலகையிலேயே தொங்கினால் அந்த ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். தேடிப் போவார்கள். பவுரிங்பேட்டையில் வந்திறங்கிய கூட்டத்திடம் ஒருவர் வாசலில் டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தார். நைனா அவரிடம் எங்கள் புது டிக்கெட்டுகளை நீட்டியிருக்கிறார். அவரும் பார்க்காமலே வாங்கிப் போட்டுக்கொண்டார். நாங்கள் திரும்பி வராவிட்டால் யாராவது தேட வேண்டுமே என்று நைனா கொடுத்திருக்கிறார்.

அந்த வாசலில் இது தெரிந்தவள் நான் ஒருத்தி. வேறு யாரும் சொல்லப் போவதில்லை. நம் வீட்டில் என்றால் உள்ளே போய்த் தட்டியைச் சாத்தியிருப்பேன். அங்கே சாத்த ஒன்றும் இல்லை.

"சார், எங்க நைனா பொய் சொல்லல" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. வில்லையைப் பற்றிச் சொன்னேன். "குடுக்காம உள்ள போனா, மேல வராட்டி யாரும் தேடமாட்டாங்க சார். அதான் குடுத்துட்டாரு."

"அதுக்கு நான் இன்னாம்மா பண்றது?"

"பவுரிங்பேட்டைக்குத் தந்தி அடிச்சுக் கேளுங்க. இன்னிக்குக் காலைல வாசல்ல வாங்கின டிக்கெட்டுங்கள்ல காட்பாடி டிக்கெட்டு ரெண்டு இருக்கும். காட்பாடி டிக்கெட்ட பவுரிங்பேட்டைலயே குடுத்துட்டு வர்ற ஆளு எங்க நைனாவத் தவிர யாரும் இருக்கமாட்டாங்க சார்."

மறுபடியும் சிரித்தார்கள். ஆனால் இந்தத் தடவை அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. டிக்கெட்காரரும் சிரித்துவிட்டு, எங்களை ஸ்டேஷன் மாஸ்டரிடம் அழைத்துப் போனார்.

தந்தியைப் பற்றி என் வாசகப் புத்தகத்தில் ஒரு பாடம் உண்டு. ஆனால் அதை யாரிடம், எந்தக் குரலில் கேட்க வேண்டும் என்று பாடத்தில் இல்லை. அது எனக்கு எங்கிருந்து வந்தது? உன்னோடு ஒரு முறைகூட நான் சந்தைக்கு வந்ததில்லை. "படிக்கிற புள்ள, வெயில்ல எதுக்கு?" என்று விட்டுவிட்டுப் போவாய். என்னை அழைத்துப் போயிருக்கலாம் அம்மா.

பதில் வரும் வரையில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தோம். நைனா மெதுவாகக் கேட்டார்.

"பயமா இல்லியா ஒனக்கு?"

"இருந்துச்சு நைனா."

"கொரல்ல கேக்கவே இல்லியே."

தலைப்பாகையை மறுபடியும் கட்டிக்கொண்டார். பிறகு, "அப்ப திரும்பிப் போறப்ப எங்கதான் குடுக்கணும்?" என்றார். சொன்னேன். "கடேசிலயா!" என்று ஆச்சரியப்பட்டார்.

டிக்கெட்டுகள் இருக்கின்றன என்று பதில் வந்தது, விட்டுவிட்டார்கள். அதற்குள் ஜட்கா வண்டிகள் எல்லாம் போய்விட்டன. வேலூருக்குப் பாலாற்று மணலில் நடந்தே போனோம். எனக்குக் கால் வலித்தது. அது மட்டும் நன்றாகத் தெரிந்தது. பரீட்சையில் நதிகளைப் பற்றிக் கேட்டார்கள். எழுதினேன். தண்ணீரே இல்லாமல் மணலாகவும் ஒரு நதி இருக்கும் என்று எழுதத் தோன்றியது. எழுதவில்லை.

திரும்பும்போது நைனா டிக்கெட்டுகளைக் கைக்குள் மூடிப் பிடித்துக்கொண்டே வந்தார். மாரிகுப்பத்தில் இறங்கியும் கையைத் திறக்கவில்லை. "இப்ப குடுக்கலாமா?" என்று அங்கே வாசலில் நின்ற டிக்கெட்காரரையே கேட்டார். அவர், "குடுக்காட்டி வூட்டுக்கு எடுத்துனு போய் மாட்டி வெச்சுக்க" என்றார். நைனா சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் அசையவில்லை. ஆனால் மறுநாள் பள்ளிக்கூடம் போனேன். கடையில் வாய் திறந்து பருப்புக் கேட்டேன்.

இடம் கிடைத்த சேதி வந்தபோது நான் நைனாவிடம், "நான் போகல" என்றேன். உண்மையான காரணத்தை உனக்குச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டு வீட்டில் இருந்த வாரங்களில் காட்பாடி வாசலில் பேசியவள் வேறு யாரோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. மறுபடியும் உள்ளே இருப்பதே சுகமாகிவிட்டது. ஆனால் நைனாவிடம், "உனக்கு யார் சமைப்பாங்க?" என்று மட்டும் சொன்னேன்.

அவர் ஷிப்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். கை கால் கழுவவில்லை. சுரங்கத் தூசி அப்பிய கையோடு வாசலிலேயே உட்கார்ந்தார்.

"உங்கம்மா கடேசில என்கிட்ட பேசறதுக்கே யோசிச்சா, தெரியுமா? என்கிட்டயே. தண்ணி வேணும்னு கேக்க அவ்ளோ நேரம் ஆவும் அவளுக்கு. நானும் சீக்காளி, ரெஸ்ட்டு எடுக்கட்டும்னு வுட்டுட்டேன். ஒரு நா கூட வெளிய கூட்டிகினு போய் ஒக்கார வெக்கல." பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நீ போகலன்னா நானும் எங்கயும் போவ மாட்டேன். ரெண்டு பேரும் உள்ளயே கெடப்போம். அப்புறம் நாம ரெண்டு பேரும் பேசிக்கறதும் நின்னுடும்."

நான் கண்டதை அவரும் கண்டிருக்கிறார் அம்மா. இத்தனை மாதம் ஒரே வீட்டில் இருந்து இருவரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

நான் போகிறேன். நாளை நைனா பவுரிங்பேட்டை வரையில் வருவார். அதற்கு மேல் பெண்கள் பெட்டியில் நான் தனியாகத்தான் போக வேண்டும். பாக்கியம் அத்தை நைனாவுக்குக் குழம்பு கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். "உப்பு கம்மின்னு மட்டும் சொன்ன, சட்டிய கவுத்துடுவேன்" என்று இப்போதே அவரை மிரட்டிவிட்டார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு என்னை அழைத்துவர நைனா தானே வேலூருக்கு வருகிறாராம். "தனியாவா?" என்று கேட்டேன். "ஏன், எனக்கு வாய் இல்லியா?" என்றார். சொல்லிவிட்டு, இருக்கிறதா என்று பார்ப்பவர் போல வாயைத் துடைத்துக்கொண்டார்.

சந்தோஷம் எப்போது திரும்பும் என்று எனக்குத் தெரியாது. உனக்காக அழுவது எப்போது என்றும் தெரியாது. அவற்றைப் பற்றி உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. முடிந்ததை மட்டும் கொடுக்கிறேன். நாளை ஜோலார்பேட்டையில் எவ்வளவு பயம் வந்தாலும் திரும்பிவரும் வண்டியில் ஏறமாட்டேன். டிசம்பரில் நைனா வரும் நாள் தெரிந்தாலும் ஸ்டேஷனுக்குப் போய் அவருக்காக நிற்கமாட்டேன். தவறான தெருவில் திரும்பட்டும். நாலு பேரைக் கேட்கட்டும். எவ்வளவு நேரமானாலும் பள்ளிக்கூட வாசலில்தான் காத்திருப்பேன். அவராகவே வழி கேட்டு என்னிடம் வந்து சேருவார்.

மாரிகுப்பம் லைனிலிருந்து,
உன்னையும் நைனாவையும் விட்டுப் புறப்படும்
உன் ஒரே மகள்,
எஸ்தர்