நாலாயிரம் வலது கால்கள்

பிப்ரவரி 4

அன்புள்ள பூனைக்கு,

நீ நலமா? உன் வீட்டுக்காரர் முதுகு எப்படி இருக்கிறது? நான் நலம், என் வாயும் நலம். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவள் எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும். சூப்பர்வைசர் அம்மா திருத்த வேண்டாம், படித்தால் போதும்.

பதினேழு வருஷம் என் பக்கத்து மிஷினில் உட்கார்ந்துவிட்டு, பதவி கிடைத்ததும் முதலாளியின் இரண்டாவது ஃபேக்டரிக்குப் போய்விட்டாய். இங்கே நடப்பது உனக்கு எங்கே தெரியப் போகிறது? வலது கால் ஷூ தைக்கிற நம் வலது ஹாலில் பசை நெடி தாங்காமல் ஒரே மாதத்தில் மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள். ஜன்னலைத் திறக்கச் சொன்னோம். "தூசி வந்தா தோல் வீணாப் போயிடும்"னு மேனேஜர் சொன்னார். "அப்ப எங்க தோலு?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். ஜன்னல் மட்டும் திறக்கவில்லை.

அதனால் சங்கம் வைத்தோம். ரெட்டைச்சடைதான் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருத்தியாகப் பிடித்துக் கையெழுத்து வாங்கினாள். நாற்பத்தைந்து வயசில் உனக்கு எதுக்கடி ரெண்டு சடை என்று நாம் கேலி செய்வோமே, அவளேதான். தொண்ணூறு பேர் போட்டோம். மறுநாள் காலை கேட்டில் அவளை நிறுத்திவிட்டார்கள். "லிஸ்ட்ல உங்க பேரு இல்லைம்மா" என்றார் காவலாளி. அவ்வளவுதான், வலது ஹால் மொத்தமும் அவளோடு வெளியே நின்றுவிட்டது. இடது ஹால்காரிகள் யோசித்து யோசித்து ஐந்தாம் நாள்தான் வந்து சேர்ந்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை கேள். ஒற்றை ஷூவை எவளும் திருட மாட்டாள் என்றுதானே முதலாளி வலதுக்கு ஒரு ஹால், இடதுக்கு ஒரு ஹால் என்று பிரித்து வைத்தார்? இப்போது உள்ளே நாலாயிரம் ஷூ தயாராகக் கிடக்கிறது. அத்தனையும் இடது கால்! தவம் செய்கிற கொக்குக்குத்தான் விற்க வேண்டும்.

ரெட்டைச்சடையை உள்ளே விடு, சங்கத்தோடு உட்கார்ந்து பேசு. இந்த இரண்டைத் தவிர நாங்கள் எதுவும் கேட்கவில்லை. பதில் போடு.

இப்படிக்கு
உன் ஓட்டைவாய்


பிப்ரவரி 12

அன்புள்ள ஓட்டைவாய்க்கு,

உன் கடிதம் வந்த அன்று நானும் அவரும் கொக்கை நினைத்து நினைத்துச் சிரித்தோம். நேற்றோடு என் சிரிப்பு நின்றுவிட்டது.

நேற்று இங்கே ஒரு லாரி வந்தது. பெட்டியைப் பிரித்தார்கள். எல்லாம் இடது கால். நிறம் பார்த்து ஜோடி சேர்ப்பதற்காக அனுப்பியிருக்கிறார்கள். பதினைந்து நாளில் வலது கால் முடிய வேண்டும், உங்கள் லைன்தான் என்று என்னிடம் சொல்லிவிட்டார்கள்.

என் லைனில் முப்பது பெண்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, நானும் சொல்லவில்லை. அவர் நாலு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். குடியிருப்பது கம்பெனி வீடு. என் நிலைமை உனக்குத் தெரியாததில்லை. நான் என்ன செய்யட்டும், நீயே சொல்.

வெயிலில் நிற்காதே. உனக்குத் தலைசுற்றல் உண்டு.

பூனை


பிப்ரவரி 16

பூனைக்கு,

தைக்காதே.

இந்த ஒரு வார்த்தையோடு நிறுத்தலாம் என்றுதான் பார்த்தேன். என் கை நிற்குமா?

அந்த வலது கால் போய்ச் சேரவில்லை என்றால் முதலாளி எங்களோடு பேசியே ஆக வேண்டும். சரக்கு ஏற்றும் தேதி தலைக்கு மேல் நிற்கிறது. போய்ச் சேர்ந்துவிட்டால் நாங்கள் இந்த கேட்டில் கிழவியாகும் வரை நிற்கலாம், நாய்கூட எட்டிப் பார்க்காது.

ஊசி உடைந்தது என்று சொல். நூல் நிறம் ஒத்துவரவில்லை என்று சொல். பதினேழு வருஷம் மிஷினைக் கட்டி அழுதவளுக்கு அதை நிறுத்திவைக்கவா தெரியாது? இல்லை, அந்த முப்பது பேரையும் கூட்டி உண்மையைச் சொல். உன் வீட்டு நிலைமை தெரிந்துதான் கேட்கிறேன். தெரிந்தே கேட்பது பாவம் என்றால் அந்தப் பாவம் என் தலையில் இருக்கட்டும்.

ரெட்டைச்சடை உன்னைக் கேட்டாள். "பூனை நம்ம ஆளு, கவலையே படாதே"ன்னு சொல்லியிருக்கிறேன்.

ஓட்டைவாய்


மார்ச் 4

ஓட்டைவாய்க்கு,

தைத்துக் கொடுத்துவிட்டேன்.

நாலாயிரமும் முடிந்து சனிக்கிழமை லாரி ஏறிவிட்டது. இரண்டு நாள் நூல் சரியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் நாள் மேனேஜர் புது நூலோடு வந்து என் மேஜைமேல் வைத்தார். வைத்துவிட்டு, "வீட்ல சார் எப்படி இருக்கார்?" என்று கேட்டார். வேறு எதுவும் சொல்லவில்லை. அதற்கப்புறம் ஓர் ஊசிகூட உடையவில்லை.

"இதுக்கு ஜோடி யாருக்கா தச்சாங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். "அதெல்லாம் உனக்கெதுக்கு, வேலையைப் பாரு" என்று அதட்டினேன். இதுவரை நான் யாரையும் அதட்டியதில்லை.

என்மேல் கோபமா? திட்டியாவது எழுது. இதைப் படித்ததும் கிழித்துவிடு.

பூனை


மார்ச் 21

பூனைக்கு,

திட்டி நாலு கடிதம் எழுதினேன். நாலையும் அடுப்பில் போட்டேன். இது ஐந்தாவது.

முப்பத்தெட்டாம் நாள் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள், பதினோரு பேரைத் தவிர. அதில் ரெட்டைச்சடை ஒருத்தி, நான் ஒருத்தி. சங்கத்தில் சேர்ந்ததற்காக எங்களை வேலையிலிருந்து நிறுத்தவில்லையாம். ஆர்டரே இல்லையாம், வலது ஹாலில் தைக்க வேலையே இல்லையாம், அதனால் பதினோரு பேர் அதிகமாம். அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த ஆர்டரின் வலது கால் யார் கையால் போனது என்று உனக்கும் எனக்கும் தெரியும்.

முப்பதாம் தேதி காலை பத்து மணிக்குத் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. வாயால் சொன்னால் செல்லாது, அங்கே தைத்தவர்கள் யாராவது வர வேண்டும், இல்லையென்றால் எழுத்தில் ஏதாவது வேண்டும் என்கிறார் எங்கள் வக்கீலம்மா. "உங்க சிநேகிதி ஏதாவது எழுதினாங்களா?" என்று கேட்டார். எழுதினாள், கிழித்துப் போட்டுவிட்டேன் என்றேன். பக்கத்தில் ரெட்டைச்சடை உட்கார்ந்திருந்தாள். அவள் என் முகத்தைப் பார்த்த பார்வை இன்னும் உறுத்துகிறது.

நான் கிழிக்கவில்லை. இந்தக் கவருக்குள்ளேயே வைத்திருக்கிறேன், பார். உன்னைக் கேட்காமல் அதைக் காட்ட எனக்கு மனசு வரவில்லை. மற்ற பத்துப் பேருக்குத் தெரிந்தால் என்னை உரித்து உப்புப் போட்டுவிடுவார்கள். அவர்கள் செய்வதும் நியாயம்தான்.

இனி அது உன் பொருள். நீ கிழித்தாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன். ஆனால் அதற்கப்புறம் கடிதமும் போட மாட்டேன். கோபமில்லை என்று எழுத வரவில்லை, பூனை. எனக்குக் கோபம் இருக்கிறது.

ஓட்டைவாய்


மார்ச் 26

ஓட்டைவாய்க்கு,

இங்கிருந்து முதல் பஸ் அங்கே வந்து சேர ஒன்பதே முக்கால் ஆகுமாம். பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்த அலுவலகம் நடக்கிற தூரம்தானா?

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வீட்டைக் காலி பண்ணணும்னா முதல்ல இந்தக் கட்டிலைப் பிரிக்கணும். ஸ்பேனர் எங்க வச்சே?" என்று கேட்டார். தேடி எடுத்து வைத்திருக்கிறேன். முப்பதாம் தேதி அவரைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் சொல்லியாயிற்று.

என் லைனில் அன்று நான் அதட்டிய பெண்ணைக் கூப்பிட்டு, இடது கால் எங்கிருந்து வந்தது என்று சொன்னேன். "இதை அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள். சாயங்காலத்துக்குள் முப்பது பேருக்கும் தெரிந்துவிட்டது. என்னோடு யாரும் பேசவில்லை.

கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பஸ் தாமதமாகலாம், என்னை வரவிடாமலும் செய்யலாம். பத்து மணிக்கு நான் வரவில்லை என்றால் வக்கீலம்மாவிடம் கொடுத்துவிடு. அதில் பூனை என்று மட்டும்தான் போட்டிருந்தேன். அதற்குக் கீழே என் முழுப் பெயரும் கம்பெனி டோக்கன் எண்ணும் இப்போது எழுதியிருக்கிறேன்.

பூனை