ஆற்றுத்துறைச் சாக்லேட் சாலையின் தடை நீக்கம்

மஞ்சுமலை நாட்டின் காவலனும், மூன்று ஆறுகளின் தலைமடைக்கு உரியவனும், பாக்குச்சோலைகளுக்கும் அவற்றின் நிழலில் காய்க்கும் கொக்கோ மரங்களுக்கும் தலைவனுமான இளங்குமணன், ஆற்றுத்துறைத் தெருவில் சாக்லேட் சாலை நடத்தும் கொற்றவேலுக்கும் அல்லியங்கோதைக்கும் விடுக்கும் ஓலை. உங்கள் அடுப்பு எரிக. உங்கள் கொக்கோ அரைக்கும் கல் சுழல்க. உங்கள் வீட்டார் அனைவரும் நலமுறுக. அந்த அடுப்பை அணைத்ததும் அந்தக் கல்லை நிறுத்தியதும் எமது முத்திரையே என்று அறிந்தே இவ்வாழ்த்தை எழுதுகிறோம்.

காலையில் எழுகிறோம். பல் துலக்கி, நீராடி, வெள்ளாடை உடுத்துகிறோம். ஓலைநாயகம் பித்தளைத் தட்டில் அன்றைய ஓலைகளைக் கொண்டுவருகிறார். அவர் அரக்கை உருக்கி ஊற்ற, நாம் மோதிரத்தை அழுத்துகிறோம். ஒவ்வோர் ஓலைக்கும் அவர் பொருள் சொல்கிறார். நாம் "ஆகட்டும்" என்கிறோம். தட்டு காலியாகிறது. கஞ்சி வருகிறது. அரசி மாதங்கி மறைந்த பிறகு எல்லாக் காலையும் இப்படியே.

இனிப்புத் தடை ஓலையும் இப்படித்தான் முத்திரை பெற்றது. "ஓராண்டுக் காலம் என் குடிகள் இனிப்பைத் துறந்து என்னை நினைப்பார்களாக என்று, உயிர் பிரியும் வேளையில் அரசியார் திருவாய் மலர்ந்தருளியதால், நாட்டில் இனிப்புச் செய்வதும் விற்பதும் கூடாது" என்று அதில் எழுதியிருந்ததாம். அவ்வேளையில் அந்த அறையில் இருந்தவன் நான் ஒருவனே. இந்த இடத்தில் 'நாம்' என்று எழுதக் கை வரவில்லை. ஓலைநாயகம் என்னிடம் கேட்கவில்லை. நானும் படிக்கவில்லை.

நேற்று அவையில், துக்கக் காலத்தில் இனிப்புச் செய்த வழக்கு என்று கட்டியக்காரர் கூவியபோது நான் தலை நிமிரவில்லை. கொற்றவேல், உன் குரல் கேட்ட பிறகே நிமிர்ந்தேன்.

"ஐயா, இது இனிப்பே இல்லீங்க. சர்க்கரையை நான் கிட்டவே சேக்கறதில்ல. எங்க சாக்லேட்டைத் தின்னவங்க மூஞ்சியைப் பாத்தாலே தெரியும்" என்றாய். காவல்தலைவர் நம்பாமல் ஒரு துண்டைக் கடித்தார். முகம் கோணியது. "வேப்பங்காய் தேவலாம்" என்றார். அவை சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை. கசந்தால் அது மருந்து என்றும், வைத்தியர் ஒப்புதல் இன்றி மருந்து விற்றது தனிக் குற்றம் என்றும் உரைத்தார். நீ என்னைப் பார்த்தாய். நாம் ஒன்றாகப் படித்த கல்லூரியில், சிரிப்பு முட்டிக்கொண்டு வரும்போது பார்ப்பாயே, அதே பார்வை. நான் தூணைப் பார்த்தேன்.

பிறகு கோதை எழுந்தாள். "காவலர் தூக்கிட்டுப் போன பெட்டியில கொக்கோக் கொட்டை புளிச்சிட்டிருக்கு, மகாராஜா. நாளைக்குக் கிளறி விடலேன்னா அழுகிடும். இந்த வெள்ளாமையே போச்சு" என்றாள். 'டேய் குமணா' என்பதைத் தவிர வேறெப்படியும் என்னை அழைத்தறியாதவள். அப்புறம் நீதிபதியை விட்டு என் பக்கம் திரும்பினாள். "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மாதங்கி நெஜமாவே அப்படிச் சொன்னாளா? சொல்லியிருந்தா நாங்களே கடையை மூடிடுறோம்."

"விதிப்படி செய்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

இன்று காலை ஓலைநாயகம் அரக்கை ஊற்றியபோது, அந்தக் கேள்வி இன்னும் காதில் இருந்தது. ஓலையை வாங்கிப் படித்தேன். கொக்கோக் கொட்டைகளை ஆற்றில் கொட்டவும், அரைக்கும் கல்லை உடைக்கவும் ஆணை.

அது அரண்மனைச் சமையலறையில் மாவாட்டிய கல். நாம் நால்வரும் சாலை தொடங்கியபோது வேறு கல் கிடைக்காமல், மாதங்கி அதைப் பட்டப்பகலில் வண்டியில் ஏற்றினாள். இட்லி எங்கே என்று என் தந்தையார் வினவ, "கல்லு வேற வேலைக்குப் போயிடுச்சு, மாமா" என்றாள். முதல் சாக்லேட்டில் உளுந்து வாசம் அடித்தது. "இதுக்குச் சட்னி எங்கடி?" என்று கோதை கேட்டாள். அன்று எனக்கு வயிறு வலிக்கும்வரை சிரிப்பு. இந்தக் கல்லைத்தான் உடைக்க இருந்தேன்.

மோதிரத்தை அழுத்தவில்லை. அதற்காக யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம். அவள் பெயரில் ஒரு பொய்யை நாடெங்கும் முரசறைய விட்டேன். துக்கம் என்னுடையது, அணைந்த அடுப்பு உங்களுடையது. சபை நடுவே நண்பர்கள் கேட்டதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது. இதைவிடப் பெரிய சொல் அரசனுக்கு உண்டா என்று தெரியவில்லை.

ஆகவே, யாம் இடும் ஆணை: இவ்வோலை கண்ட பொழுதே இனிப்புத் தடை ஒழிந்தது. கல்லுக்குக் காவலர் இட்ட கட்டு அவிழ்க. கொட்டைப் பெட்டிகளைக் காவல்தலைவர் தாமே சுமந்துவந்து சாலையில் இறக்குக. வழக்கு தள்ளப்பட்டது, மருந்துக் குற்றமும் சேர்த்தே. அரசியார் சொன்னதாக அறிவித்தது பொய் என்றும், அப்பொய்க்கு முத்திரை இட்டவன் அரசன் என்றும், முன்பு முரசறைந்த தெருக்கள் அனைத்திலும் மீண்டும் அறைக.

கொட்டை கிளற நானும் வருவேன். கதவைத் திறப்பது உங்கள் விருப்பம். அதற்கு மட்டும் ஆணை இல்லை.

மலைமேல் மஞ்சு தவழும் காலம்வரை இது நிற்க. எம் கையால் எழுதி, எம் கண்ணால் படித்து, எம் மோதிரம் இட்டது.

கோதை, உன் கேள்விக்கான பதிலை முத்திரைக்குக் கீழே எழுதுகிறேன். மாதங்கி அப்படிச் சொல்லவில்லை. கஷாயத்தைக் குடித்து முகம் சுளித்தாள். என்னை அருகே இழுத்து உனக்கு ஒரு செய்தி சொன்னாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. அதையும் உன்னிடம் சேர்க்காமல் இத்தனை நாள் வைத்திருந்தேன். அவள் சொன்னது:

"வாயெல்லாம் கசக்குது, குமணா. சர்க்கரை தூக்கலாப் போட்டு ஒரு துண்டு செஞ்சு அனுப்பச் சொல்லு கோதைகிட்ட. கொற்றவேலுக்குத் தெரிய வேணாம், திட்டுவான்."