உன் பகிடிகளை வெட்டிவிட்டார்கள்

மச்சான்,

அச்சு மையின் மணம் இன்னும் போகவில்லை. உன் நினைவு மலரில் மிஞ்சிய பிரதிகள் ஒரு பெட்டியில் என் சாப்பாட்டு மேசைமேல் இருக்கின்றன. நேற்று உன் முப்பத்தோராம் நாள். வந்தவர்களுக்குக் கொடுத்தது போக மிச்சத்தை, மலரைத் தொகுத்த உன் சம்பந்தி என் தலையில் கட்டிவிட்டார். மழுமழுவென்று அட்டை, சுற்றிவரப் பூ, நடுவில் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டு நீ. கீழே கொட்டை எழுத்தில் “பண்பின் சிகரம்” என்று போட்டிருக்கிறார்கள். வாசித்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

உள்ளே என் பெயரிலும் ஒரு கட்டுரை இருக்கிறது. நான் எழுதிக் கொடுத்தது ஏழு பக்கம், வந்திருப்பது ஒன்றரைப் பக்கம். உன்னைப் பற்றிச் சிரிக்கக்கூடிய ஒரு வரியைக்கூட மனுஷன் மிச்சம் வைக்கவில்லை. நேற்று கேட்டேன். “செத்த மனுஷனைப் பற்றி உப்பிடி எழுதலாமோ தம்பி? நாலு பேர் வாசிக்கிற புத்தகம்” என்றார். அவருடைய கட்டுரைப்படி நீ அளந்து பேசுபவனாம். பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதவனாம். பகிடி, பரிகாசம் தெரியாதவனாம். யாரோ ஒருவனுக்கு அஞ்சலி செய்துவிட்டு உன் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். இதை யாரும் திருத்த முடியாது.

நீ மெல்பேர்ணுக்குப் போய் எழுதிய முதல் கடிதம் நினைவிருக்கிறதா? நாம் இருவரும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள், ஊரை விட்டதும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான். எனக்கு ரொறன்ரோ வாய்த்தது, உனக்கு அவுஸ்திரேலியா. கார்க் கதவு பொருத்தும் தொழிற்சாலையில் உனக்கு வேலை. அந்தக் கடிதத்தில் நீ கொதித்துக்கொண்டிருந்தாய். ஐந்தடி உயரம் உள்ள உன்னை அங்கே எல்லோரும் “நெட்டையா” என்று கூப்பிட்டார்கள். மொட்டைத் தலையனைச் “சுருட்டைமுடி” என்றார்கள். உன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவது போல நடித்தார்கள், பிறகு வந்து அதே கறியைக் கிள்ளித் தின்றார்கள். மேலாளரையும் முதற்பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். “மரியாதை தெரியாத சாதி, இஞ்சை இருக்கேலாது” என்று எழுதியிருந்தாய்.

அரை வருஷம் கழித்து வந்த கடிதத்தில் வேறு ஆள் பேசினான். அந்தத் தொழிற்சாலையில் ஒருவனிடம் மட்டும் எல்லோரும் மிக மரியாதையாகப் பேசுகிறார்கள் என்றும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவன் பக்கத்தில் யாரும் போய் இருப்பதில்லை என்றும் கண்டுபிடித்திருந்தாய். “இஞ்சை ஏசினா சிநேகம் மச்சான். மரியாதை குடுக்கத் தொடங்கினாங்கள் எண்டா அலுவல் முடிஞ்சுது” என்று எழுதினாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நான் இருக்கும் ஊரில் நாங்கள் அவர்களுடைய காலை மிதித்தால் அவர்கள் மன்னிப்புக் கேட்பார்கள். உன் நாட்டில் எங்கள் காலை மிதித்துவிட்டு, காலை ஏன் அங்கே வைத்தாய் என்று கேட்டு ஒரு பியர் வாங்கித் தருவார்கள் போலிருந்தது.

பிறகு தொண்ணூற்றாறு கோடையில் மகளோடு நீயே வந்து இறங்கினாய். அரைக் காற்சட்டை, கையில் ஐஸ் பெட்டி, காலில் றப்பர் செருப்பு. என் வாகனம் பழுதாகிக் கிடந்ததால் டாக்சி பிடித்தேன். நீ போய் சாரதிக்குப் பக்கத்தில் முன்சீற்றில் ஏறினாய். அந்த மனுஷன் பயந்துபோய் உன்னைப் பார்த்தார். “பின்னுக்கு இருந்தா அந்தாளை வேலைக்காரன் ஆக்கினமாதிரி இருக்கும், எங்கட நாட்டிலை அப்பிடிச் செய்யிறேல்லை” என்றாய். எங்கட நாடாம்! என் வீடு இருந்த அஜின்கோர்ட்டில் இறங்குவதற்குள் அவருடைய பிள்ளைகளின் பெயர்கள் முதற்கொண்டு உனக்குத் தெரிந்திருந்தது. அடுத்த நாள் எங்கள் தமிழ்க்கடைக்கு வெறுங்காலோடு வந்தாய். “அண்ணைக்கு ஒரு சப்பாத்து வாங்கிக் குடுங்கோவனப்பா, சனம் என்ன நினைக்கும்” என்று என் மனைவி என்னைப் பிடுங்கினாள்.

உன் வரவுக்கு ஒரு காரணம் இருந்தது. பெண்சாதி போனபிறகு உனக்கென்று இருந்தவள் மகள் தர்ஷினி ஒருத்திதான். படிக்க மெல்பேர்ணுக்கு வந்த, ரொறன்ரோவுக்குப் பக்கத்துப் பிக்கரிங் பெடியன் ரமணனுக்கும் அவளுக்கும் பிடித்துப்போயிருந்தது. பெடியனின் தகப்பன் நவரத்தினம் அண்ணை தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. அவரை எனக்குத் தெரியும் என்பதால் நான் இடையில் நின்றேன். பழைய மாணவர் சங்கத் தலைவராக இருந்து, பதவி போன பிறகும் எல்லோராலும் “தலைவர்” என்றே அழைக்கப்படுகிற மனுஷன். தகப்பன் சொல்லைத் தாண்டி ரமணன் தாலி கட்டமாட்டான் என்பது தர்ஷினிக்கும் தெரியும்.

நவரத்தினம் அண்ணை வீட்டு விருந்துக்குப் புறப்படும்போது உன் ஐஸ் பெட்டியில் ஆட்டிறைச்சி இருந்தது. “விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டுக்கு ஆரடா இறைச்சி கொண்டு போறது?” என்று கத்தினேன். “அங்கை எல்லாரும் தங்கட தங்கட இறைச்சியோடதான் போவினம். வீட்டுக்காரர் அடுப்பு மட்டும் மூட்டித் தருவார். எவ்வளவு லேசு எண்டு பாரன்” என்றாய். கெஞ்சிப் பார்த்தேன். கேட்டாயா? விடிய எழும்பிப் பத்துக் கறி சமைத்து வைத்திருந்த ரமணனின் அம்மா, உன் பெட்டியை இரண்டு விரலால் வாங்கிய விதம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

வாசலிலேயே “எப்பிடி நவம், சுகமோ?” என்று கேட்டு அவருடைய முதுகில் தட்டினாய். முப்பது வருஷமாக அந்த மனுஷனை யாரும் நவம் என்று கூப்பிட்டதில்லை. புது வீடு, புதுச் சோபா, அழுக்குப் படாமல் இருக்கக் கண்ணாடிப் பொலித்தீன் உறை. நீ இருந்ததும் அது கிறீச்சிட்டது. “நவம், உந்தப் பொலித்தீனைக் கழட்டினா கதிரை ஓடிப்போடுமோ?” என்று கேட்டு நீயே சிரித்தாய். ரமணனும் சிரித்தான், தகப்பனின் முகத்தைக் கண்டதும் நிறுத்திக்கொண்டான். சாப்பிட்டு முடிந்ததும் எழுந்து எல்லோருடைய எச்சில் கோப்பைகளையும் அடுக்கிக்கொண்டு குசினிக்குள் போய்க் கழுவத் தொடங்கினாய். அந்த அம்மா அழாத குறை. “சம்பந்தியாக வாறவர் எங்கட வீட்டுக் கோப்பை கழுவுறதோ? நாங்கள் அவ்வளவு வக்கில்லாத ஆக்களோ?”

அன்று பின்னேரமே தொலைபேசி வந்தது. “உம்மட சிநேகிதருக்கு எங்களைப் பார்க்க நக்கலாயிருக்குது போல. மதிக்காத இடத்திலை நாங்கள் சம்பந்தம் செய்யிறேல்லை” என்று வைத்துவிட்டார். தர்ஷினி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் உன்னை வாய்க்கு வந்தபடி ஏசினேன். நீ கோபப்படவே இல்லை. உண்மையாகவே விளங்காத முகத்தோடு இருந்தாய். “எனக்கு அந்தாளைப் பிடிச்சுப்போச்சு மச்சான். பிடிக்காட்டி நான் மரியாதையாக் கதைச்சிருப்பனே” என்றாய்.

அதைக் கேட்ட பிறகு என் கோபம் முழுவதும் பிக்கரிங் பக்கம் திரும்பியது. ஒரு மனுஷன் ஒருவரை விரும்பி அவர் வீட்டுக் கோப்பையைக் கழுவுகிறான். அதை அவமானம் என்று சொல்ல எவ்வளவு திமிர் வேண்டும்! இந்தக் குளிரில் பாத்திரம் கழுவியும் கட்டடம் துப்புரவாக்கியும்தானே நாங்கள் எல்லோரும் தலையெடுத்தோம்? அந்தத் தலைவர் மட்டும் வானத்திலிருந்தா நேரே பிக்கரிங்கில் இறங்கினார்? அங்கே மன்னிப்புக் கேட்கப் போகாதே என்று உன்னிடம் அடித்துச் சொன்னேன். நீ சாத்தியிருந்த கதவைப் பார்த்துக்கொண்டு, “எனக்கு ஒரு கோட் வேணும், எங்கை வாங்கலாம்?” என்று கேட்டாய்.

அந்தக் கோட்டோடு, ஆடி மாத வெக்கையில், மறுபடியும் போனோம். சப்பாத்துப் போட்டிருந்தாய். வாசலில் நின்று கும்பிட்டாய். பொலித்தீன் சத்தம் போடாமல் சோபாவின் நுனியில் இருந்தாய். “தலைவர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்”, “தலைவருக்கு நேரமிருந்தா”, “மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா.” கோப்பையைத் தொடவில்லை, கை கழுவத் தண்ணீர் வரும்வரை காத்திருந்தாய். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “இப்பத்தான் ஒரு தமிழ் ஆளைப் பாக்கிறமாதிரி இருக்குது” என்று என் தோளைத் தட்டினார். அங்கேயே நாள் குறித்தார்கள். எனக்கோ எழுந்து ஓடவேண்டும் போலிருந்தது. உன் கடிதங்களை வாசித்தவன் நான். நீ அந்த மனுஷனை அவருடைய வீட்டிலேயே வைத்து, அவர் சிரிக்கச் சிரிக்க, எப்படித் தூக்கி எறிகிறாய் என்று எனக்கு மட்டும் விளங்கியது.

எனக்கு மட்டும் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது தர்ஷினி பின்சீற்றில் இருந்து மெல்லக் கேட்டாள். “அப்பா, உங்களுக்கு அவரைக் கொஞ்சமும் பிடிக்கேல்லை, என்ன?”

“உமக்கு ரமணனைப் பிடிச்சிருக்கெல்லே? எனக்கு அது போதும்” என்றாய்.

கலியாணம் நடந்தது, அதே கோட்டோடு மணவறையில் நின்றாய். அந்தப் படம்தான் இந்த அட்டையில். பிறகு பேரனைப் பார்க்க வந்தபோதும் அந்த வீட்டில் நீ ஒரு பகிடி விடவில்லை. என் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, என் தொந்தியையும் என் மனைவியின் இடியப்பத்தையும் கிழி கிழி என்று கிழித்தாய். இடியப்பத்தில் சப்பாத்துத் தைக்கலாம் என்றாய். அவள் அகப்பையோடு உன்னைத் துரத்தினாள். அவளும் உன் பாஷையைப் படித்துவிட்டாள்.

கடைசியாகத் தொலைபேசியில் நீ என்னிடம் கேட்டது, “எருமை, நீ இன்னும் உயிரோடையோ?” என்றுதான். அடுத்த கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ போய்விட்டாய். இது என்ன நியாயமடா? என்னை எருமை என்று கூப்பிட இந்த உலகத்தில் இருந்தது நீ ஒருத்தன்தான். இங்கே எல்லோரும் என்னை மரியாதையாகத்தான் அழைக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்குத் திக்கென்கிறது. நீ எனக்குள் வைத்துவிட்டுப் போன சுகக்கேடு அது. யார் தேனாகப் பேசினாலும், இவனுக்கு என்னில் என்ன கோபம் என்று யோசிக்கத் தொடங்கிவிடுகிறேன்.

நேற்றைய கதையையும் சொல்லவேண்டும். பிக்கரிங்கில் சாப்பாடு நடந்தது. தர்ஷினி புத்தகத்தைத் திறந்து தகப்பனைப் பற்றிய பக்கங்களை நின்றபடியே வாசித்தாள். பிறகு என்னிடம் வந்து, “அங்கிள், இதிலை இருக்கிற ஆள் ஆர்?” என்று கேட்டாள். வெட்டப்பட்ட பக்கங்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன என்றேன். “கொண்டு வாங்கோ. வராட்டி உங்கட தொந்தியைப் பற்றி நானே எழுதுவன்” என்றுவிட்டு மூக்கைத் துடைத்தபடி பரிமாறப் போனாள். ரமணனிடம், “டேய் மண்டை, தண்ணிப் போத்தலை எடடா” என்றாள். அவன் இளித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தான். அவர்கள் இருவரையும் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

மாமனாரின் இலைக்கு முன்னால் வந்ததும் அவளுடைய குரல் மாறியது. “மாமா, இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ? நீங்கள் நல்லாக் களைச்சுப் போனியள். மாமா மட்டும் இல்லாட்டி இண்டைக்கு இதெல்லாம் நடந்திருக்குமோ?” தலை குனிந்து, அளந்து, ஒரு சொல் பிசகாமல். மூன்று வருஷமாக அந்த வீட்டில் அவள் அவரிடம் இப்படித்தான் பேசுகிறாளாம். ஒரு பகிடி இல்லையாம், ஒரு எதிர்ச்சொல் இல்லையாம். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு மயிர் கூச்செறிந்தது.

அவள் நகர்ந்ததும் அவர் பெருமையோடு என் பக்கம் சாய்ந்தார். “பாத்தீரோ தம்பி, இந்த ரொறன்ரோவிலை இப்பிடி மரியாதை தெரிஞ்ச மருமகள் ஆருக்கு இருக்குது? தகப்பன்ரை குணம் அப்பிடியே வந்திருக்குது.”

“ஓம் அண்ணை” என்றேன். “அப்பிடியே தகப்பன்தான்.”