நிகழ்காலத்தில் எழுதுக

சிகாமட்
4 மார்ச் 2024

அன்புள்ள சுகுமாறன்,

நலமா? நான்காம் பாடம் கிடைத்தது. 'இன்', 'ஆன்' இரண்டும் இன்னும் உங்களை ஏமாற்றுகின்றன. தண்ணீரைப் போத்தலுக்குள் வைக்காமல் போத்தலின் மேல் வைத்துவிட்டீர்கள்! ஆனாலும் எங்கள் தேவாலயக் குழு அஞ்சலில் ஆங்கிலம் சொல்லித்தரும் கைதிகளில், பாடத்தைத் தவறாமல் திருப்பி அனுப்புபவர் நீங்கள் ஒருவர்தான்.

அடுத்த ஆண்டு விடுதலையானதும் கூலாயில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட ஆசை என்றீர்கள். நேர்காணலுக்கு நிகழ்காலம் முக்கியம். ஐந்தாம் பாடம் இதுதான்: மறக்க முடியாத ஒரு நாளை இப்போது கண்முன் நடப்பதுபோல் எழுதுங்கள். எது எதற்கு மேல், கீழ், பின்னால் என்பது தெளிவாகத் தெரியட்டும். உண்மையாக நடந்ததையே எழுதுங்கள்.

அன்புடன்,
இன்பராணி டீச்சர்

22 மார்ச் 2024

மரியாதைக்குரிய டீச்சர் அவர்களுக்கு,

சுகுமாறன் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

நான் உள்ளே வந்தது பாலோ ஊரில் நடந்த தகராறுக்காக. இது வேறு. யாரிடமும் சொன்னதில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது யாரோ செய்ததுபோல் இருந்தது, அதனால் எழுத முடிந்தது. தாளை இணைத்திருக்கிறேன். அர்த்தம் தப்பிவிடக் கூடாதென்று தமிழிலும் தருகிறேன்.

'2018. சிகாமட். நாங்கள் ஐந்து பேர் வேனுக்குள் இருக்கிறோம். பாராங் கத்தி என் காலுக்கு அடியில் இருக்கிறது. சாப்பாட்டுக் கடை ரயில் நிலையத்துக்கு எதிரில் இருக்கிறது. நீலச் சட்டைக்காரன் சுவரோரம் மீ நூடுல்ஸ் சாப்பிடுகிறான். எங்களில் ஜீவன் அவனுக்குப் பின்னால் போகிறான், நான் முன்னால். நீலச் சட்டைக்காரன் மேசைக்கு அடியில் நுழைகிறான். இழுக்கிறோம். "அண்ணே, நான் இல்லண்ணே! ஆள் மாறிப் போச்சுலா!" என்று கத்துகிறான். கையைத் தலைக்கு மேல் தூக்குகிறான். நான் வெட்டுகிறேன். கை தரையில் கிடக்கிறது. விரல்கள் அசைகின்றன. "அலமாக், இவன் இல்லடா" என்கிறான் ஜீவன். ஓடுகிறோம்.'

எத்தனை சரி, டீச்சர்?

மாணவன்,
சுகுமாறன்

சிகாமட்
16 ஏப்ரல் 2024

சுகுமாறன்,

தாளைத் திருத்தவில்லை. அந்த நீலச் சட்டைக்கு அன்று காலை இஸ்திரி போட்டவள் நான். அவன் பெயர் ரோலண்ட். என் தம்பி.

இடது கை, மணிக்கட்டுக்குச் சற்று மேலே. ஐஸ் பெட்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஒட்டவில்லை. முதுகிலும் இரண்டு வெட்டு. அதை நீங்கள் எழுதவில்லை. கடையில் இருந்த ஒருவரும் வாய் திறக்காததால் வழக்கு அப்படியே கிடக்கிறது.

ஆங்கிலத்தில் தினமும் நடப்பதைச் சொல்லவும் நிகழ்காலம்தான். அதை நான் எழுதுகிறேன். ரோலண்ட் சட்டைப் பொத்தானைப் பல்லால் இழுத்துப் போடுகிறான். வேன் கதவு சாத்தும் சத்தம் கேட்டால் குளியலறைக்குள் போய்த் தாழ் போடுகிறான். நான் கதவைத் தட்டுகிறேன்.

சிறையில் உங்கள் கடிதங்களைப் பார்த்து முத்திரை குத்துகிறவருக்குத் தமிழ் தெரியாது போலிருக்கிறது; ஆங்கிலத் தாளையும் வெறும் பாடம் என்று நினைத்திருப்பார். மே மாதம் முடிவதற்குள் நீங்களே அதிகாரியிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தாளோடு நான் போலீசுக்குப் போவேன்.

இன்பராணி

29 ஏப்ரல் 2024

டீச்சர்,

உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்கு இன்னும் பதினோரு மாதம்தான். மகள் வாசுகியைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்துதான் பார்த்திருக்கிறேன். ஒருமுறைகூடத் தூக்கியதில்லை.

ஜீவன் வெளியே இருக்கிறான். அவன் மச்சான் இங்கே என் பிளாக்கில். உங்கள் பெயரும் தேவாலயமும் அவனுக்குத் தெரியும். உங்கள் தம்பி உயிரோடாவது இருக்கிறார். தாளைக் கிழித்துப் போடுங்கள்.

இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இல்லை, டீச்சர். மிரட்டல்தான். எனக்கு வேறு எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை.

சுகுமாறன்

சிகாமட்
10 மே 2024

சுகுமாறன்,

உங்கள் இரண்டு கடிதங்களையும் ரோலண்டிடம் காட்டினேன். "அக்கா, அவன்ட்ட ஒண்ணு மட்டும் கேளுங்க. நான் கத்துனது அவனுக்குக் கேக்கலையா, இல்ல கேட்டும் வெட்டுனானா?" என்றான்.

பதில் எழுதுங்கள்.

ஜீவனின் ஆட்களுக்கு விலாசம் வேண்டுமென்றால், எங்கள் வீடு தேவாலயத்துக்குப் பின்னால், இரண்டாவது. நாங்கள் வேறெங்கும் போகப்போவதில்லை.

இன்பராணி

30 மே 2024

டீச்சர்,

கேட்டது. கேட்டும் வெட்டினேன்.

கத்தி அதற்குள் இறங்கிவிட்டது என்றுதான் இந்தப் பதிலை முதலில் எழுதினேன். பொய், கிழித்துவிட்டேன். அவர் கத்தியதும் ஒரு கணம் நின்றேன். கூட வந்தவர்கள் என்னையே பார்த்தார்கள். வெட்டாமல் திரும்பினால் சிரிப்பார்கள் என்று வெட்டினேன். முதுகில் வெட்டியதும் நான்தான்.

இருபதாம் தேதி அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து பெயரும் கொடுத்தேன், என் பெயரை முதலில். ஜீவனைப் பிடித்துவிட்டார்கள். மறுநாளே அவன் மச்சான் குளிக்கும் இடத்தில் கூராகத் தேய்த்த பல் பிரஷ்ஷால் என்னைக் குத்தினான். விலாவில் ஒன்று, கழுத்துக்குக் கீழே ஒன்று. பிடித்துத் தடுத்ததில் உள்ளங்கையில் ஆறு தையல். எழுத்துக் கோணலுக்கு மன்னிக்கவும். இப்போது தனி அறை. வாசுகி பெரியவளான பிறகுதான் வெளியே வருவேன்.

புத்தகத்திலிருந்த ஆறாம் பாடத்தைச் செய்து இணைத்திருக்கிறேன். திருத்த வேண்டுமென்று கேட்கவில்லை.

சுகுமாறன்

சிகாமட்
21 ஜூன் 2024

சுகுமாறன்,

ஆறாம் பாடத்தைத் திருத்திவிட்டேன். இருபதுக்குப் பதினான்கு.

ரோலண்ட் உங்கள் பதிலை இரண்டு முறை படித்தான். "உண்மையச் சொல்லிட்டான்க்கா" என்றான். பிறகு அழுதான். அந்த ஆஸ்பத்திரி நாட்களில்கூட அவன் அழுததில்லை.

நான் உங்களை மன்னிக்கவில்லை. ஜெபத்தில் உங்கள் பெயர் வருமிடத்தில் வாய் நின்றுவிடுகிறது. ஏழாம் பாடத்திலிருந்து பிரெட்ரிக் என்ற ஆசிரியர் உங்களுக்கு எழுதுவார். பொறுமையானவர். பாடத்தை நிறுத்திவிடாதீர்கள்.

வழக்கு நாளில் ரோலண்ட் சாட்சி சொல்ல வருகிறான். நான் அவன் பக்கத்தில் இருப்பேன். உங்களை எங்களுக்கு முன்னால் நிறுத்துவார்கள். அப்போது தலையைக் குனிந்துகொள்ளாதீர்கள். உங்கள் முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறான்.

இன்பராணி