சாய்ந்த ராகி

வேப்பனப்பள்ளி
18.11.1986

ஓசூரில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

ராகி முழுவதும் சாய்ந்துவிட்டது. இடுப்புயரம் கொழுத்து வளர்ந்த பயிர் இரண்டு நாள் மழையைத் தாங்கவில்லை. பக்கத்து வயல் திம்மப்பன் அண்ணனுடைய பயிர் குட்டையாக இருந்ததால் தப்பித்துக்கொண்டது.

"பொம்பள பாத்தா வெள்ளாம இப்பிடித்தான்" என்று நீங்கள் சொன்னதாக உங்கள் அம்மா ஊரெல்லாம் சொல்கிறார். அதனால்தான் மண்ணை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் போய்ப் பரிசோதனைக்குக் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து முடிவைக் கொடுத்த அதிகாரி, "தழைச்சத்து மிதமிஞ்சிக் கெடக்குது, சாம்பல் சத்து சுத்தமா இல்ல. அதான் தண்டு வலுவில்லாம சாஞ்சிருக்குது. யாரும்மா இப்பிடி யூரியாவக் கொட்டுனது?" என்று கேட்டார்.

"நான்தாங்க" என்றேன்.

கம்பெனி வேலைக்குப் போனதிலிருந்து நான்கு வருஷமாக நீங்கள் ஊருக்கு வராமல், "எல்லாத்தையும் போடு" என்று யூரியா மூட்டையை மட்டும் பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறீர்கள் என்பதை வெளியாளிடம் எப்படிச் சொல்வது?

அடுத்த விதைப்புக்குத் தொழுவுரமும், சாம்பல் சத்துக்குப் பொட்டாஷும்தான் போடுவேன். போன வாரம் வந்த யூரியா மூட்டையை உங்கள் விலாசத்துக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன். மூட்டை வரும்போது நீங்கள் வேலைக்குப் போயிருந்தால், அந்த வீட்டில் உங்களுக்குச் சமைத்துப் போடுகிறவளை வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நிலத்தில் உழைக்கிறவள்