அப்பா ஏன் கடைத்தெரு வழியாகவே போகிறார்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும், எனக்கு முதலில் வேண்டியது அதுதான். நாங்களும் சுகம் என்று எழுதக் கை போகிறது, ஆனால் முழு மனதோடு எழுத முடியவில்லை, படித்துக்கொண்டே வா, உனக்கே புரியும். போன் இருக்க இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், மெசேஜ் அனுப்பினால் மணி பார்க்கிற சாக்கில் என் போனை எடுத்து அதையும் படித்துவிடுவார். அதனால் மருந்துக்கடையில் ஆள் வராத நேரமாகப் பார்த்துக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். அக்காவும் குழந்தைகளும் போன வாரம் வந்துபோனார்கள், சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, பேசினால் காற்றுதான் வருகிறது. மாடிவீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயை இன்னும் சரிசெய்யவில்லை, கேட்டால் எனக்கே புத்தி சொல்கிறார்.

விஷயம் நீ வாங்கிக் கொடுத்த ஹைபிரிட் காரைப் பற்றியது. வந்த நாளிலிருந்தே எனக்கு அதன் மேல் நம்பிக்கை கிடையாது. பழைய கார் தெருமுனை திரும்பும்போதே இருமிக்கொண்டு வரும், நான் அடுப்பைப் பற்ற வைப்பேன். இது பூனை மாதிரி வாசலில் வந்து நிற்கிறது. சிக்னலில் நின்றால் என்ஜின் தானாக அணைந்துவிடுகிறது, வண்டி நின்றுபோச்சு என்று நான் பதறினால் அப்பா சிரிக்கிறார். அதெல்லாம் போகட்டும், பெட்ரோல் முள் இறங்கவே மாட்டேன் என்கிறது. மனிதரோ காலையில் கிளம்பினால் இருட்டின பிறகுதான் வருகிறார், கேட்டால் டிராஃபிக் என்கிறார். நெரிசலில் ஊர்ந்தால் பெட்ரோல் அதிகம்தானே ஆகும், இத்தனை வருஷமும் அவரே சொல்லிக்கொடுத்தது அது. இப்போது அப்படியே மாற்றிப் பேசுகிறார், நெரிசல்லதான்டி இது கம்மியா குடிக்கும், பிரேக் பிடிக்கப் பிடிக்க பேட்டரி ஏறும், மெதுவா போனா பேட்டரியிலயே ஓடும் என்கிறார். நான் மருந்து அட்டையைத் திருப்பித் தேதி பார்க்காமல் ஒருவருக்கும் கொடுத்தவள் இல்லை, இதை மட்டும் அப்படியே விழுங்குவேனா. ஆள் வேலைக்கே போகவில்லை, பம்பு கடை முதலாளி வேலையை விட்டு அனுப்பிவிட்டார், எங்கோ நிழலில் வண்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். வேறு மாதிரியும் ஒரு நாள் சந்தேகம் வந்தது, ஆனால் இவர் விடும் குறட்டையை எவள் தாங்குவாள் என்று அதை நானே தள்ளிவிட்டேன். சிரிக்காதே. வாடிக்கையாளர் மாதிரிக் குரலை மாற்றிக்கொண்டு கடைக்கே போன் பண்ணினேன், எடுத்ததே உன் அப்பாதான், வணக்கம் மேடம், என்ன பம்பு வேணும் என்றார். அவசரமாக வைத்துவிட்டேன்.

சந்தேகம் அதோடு போகவில்லை. முழங்கால் வலிக்கிறது, பஸ் ஏற முடியவில்லை என்று பொய் சொல்லி நானும் காரில் ஏற ஆரம்பித்தேன். புறவழிச்சாலை காலியாகக் கிடக்கிறது, பாதி நேரத்தில் போய்விடலாம், இவர் கடைத்தெருவுக்குள்தான் திருப்புகிறார். ஏன் என்றால், அதுல வேகமா போகணும், பெட்ரோல் வீணாகும், பையன் மைலேஜ் கேப்பான்ல என்கிறார். அப்படி ஊர்ந்துகொண்டிருக்கும்போதுதான் பின்னால் வருவதைக் காட்டுகிற வெளிக் கண்ணாடி என் பக்கத்தில் மடங்கியிருப்பதைப் பார்த்தேன், வாசலில் நிற்கும்போது யாரோ மடக்கியிருக்க வேண்டும். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. பழ வண்டிக்காரர் ஒருவர் இடதுபக்கம் என் ஜன்னலை ஒட்டியே வந்துகொண்டிருந்தார், அப்பா அவர் மேலேயே வண்டியை ஒடித்தார். அந்த ஆள் கதவில் ஓங்கித் தட்டினார். எங்கேருந்துடா வந்தான் இவன் என்று அப்பா கேட்டார், அந்த ஆள் அத்தனை நேரமும் பக்கத்திலேயேதான் வந்தார். மறுநாள் இவர் கவனிக்கிறாரா என்று பார்க்க நானே அந்தக் கண்ணாடியை மடக்கிவிட்டு ஏறினேன். செய்யக்கூடாதுதான், ஊர்ந்துதானே போகும், ஏதாவது குறுக்கே வந்தால் நான் கத்தி நிறுத்திவிடலாம் என்கிற தைரியம். என் மருந்துக்கடை வரைக்கும் அவர் அதைப் பார்க்கவில்லை, அந்தப் பக்கம் பார்ப்பதாகப் பாவனை பண்ணித் தலையை மட்டும் திருப்பித் திருப்பி ஓட்டினார்.

வண்டியை நிறுத்தியதும் இறங்காமல் உட்கார்ந்து, கண்ணுக்கு என்ன என்று கேட்டேன். முதலில் கோபப்பட்டார், பிறகு ஸ்டெப்னி வைக்கிற இடத்திலிருந்து ஒரு பையை எடுத்துக் காட்டினார், உள்ளே கண் சொட்டு மருந்து. மருந்துக்கடைக்காரியின் புருஷன் வேறு கடையில் போய் மருந்து வாங்கியிருக்கிறார், அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை. கண்ணில் அழுத்தமாம், இடது கண்ணில் ஓரப்பார்வை போய்விட்டதாம், போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு விட்டுக் காப்பாற்றலாம், வண்டி மட்டும் ஓட்டக்கூடாது என்று டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டாராம். வேகமாகப் போகிற சாலையில் பயமாக இருக்கிறது, ஊர்ந்து போகிற தெருவில் சமாளித்துவிடலாம் என்று இவராகவே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். உன் கார் நெரிசலில்தான் நன்றாக ஓடும் என்றது அவருக்கு வசதியாகப் போயிற்று. நான் சாவியைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன், சாயங்காலம் எங்கள் மருந்துக்கடைப் பையனிடம் வண்டியை வீட்டில் விடச் சொன்னேன். இப்போது இருவரும் பஸ்ஸில் போகிறோம், இல்லாத முழங்கால் வலி நிஜமாகவே வந்துவிட்டது. இன்னொரு சாவி எங்கே என்று கேட்டால் அது பையன்கிட்ட இருக்கு என்கிறார். இருக்கிறதா, உண்மையைச் சொல், நீயும் அவரோடு சேர்ந்துகொள்ளாதே.

ஏன் மறைத்தீர்கள் என்று எத்தனையோ விதமாகக் கேட்டேன். வெட்கமா, வேலை போய்விடும் என்கிற பயமா என்றேன். அதற்கெல்லாம் இல்லை என்று தலையாட்டினார். கடைசியில் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார், வண்டி இல்லேன்னா அவன் என்கிட்ட எதைப் பேசுவான் என்று. யோசித்துப் பார், கார் வருவதற்கு முன்னால் நீங்கள் இருவரும் பேசினது என்ன, சாப்டீங்களாப்பா, சாப்டேன், இந்தா அம்மாகிட்ட குடுக்கறேன், அவ்வளவுதான். இப்போது ஞாயிறு காலையிலேயே சட்டை மாற்றிக்கொண்டு மைலேஜ் காட்டுகிற திரையைப் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிட்டு, நீ சூப்பர்ப்பா என்று சொல்கிற வரைக்கும் போனைச் சுற்றிச் சுற்றி வருகிறார். உன் மேல் குற்றம் சொல்லவில்லை, அவர் மேலும் எனக்கு இப்போது கோபம் இல்லை.

இந்தக் கடிதம் வருவதற்குள் வண்டி சர்வீஸில் இருக்கிறது என்று உன்னிடம் சொல்லியிருப்பார். பொய், அது வாசலில்தான் நிற்கிறது. உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே, அவராகச் சொல்லட்டும். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் இருக்க வேண்டும் என்று நாங்கள் வேண்டிக்கொள்கிறோம். ஒன்றே ஒன்று மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் கூப்பிடு, பேச ஒன்றும் தோன்றாவிட்டால் பம்பு எப்படித் தண்ணீரை மேலே ஏற்றுகிறது என்றாவது கேள், போனை அம்மாவிடம் கொடுங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் மேல் மட்டும் சந்தேகம் இல்லாத
அம்மா